ஒரு பானைச் சோறும் ஒரு புட்டிப் பொடியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் வீட்டுத் தோட்டத்து மூலிகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பலர், ஒரு செடிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டறிகிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பினாங்கில் தாவர வேதியியல் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அக்கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தாயார் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கிப் புட்டியில் வைத்திருக்கிறார். தினமும் ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். அந்தப் பொடியில் என்னென்ன இருக்கின்றன என்று முழுமையாகத் தெரிந்துகொள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தை அழைத்தேன். "எதைத் தேட வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். அது தெரியாமல்தானே அவர்களிடம் போகிறேன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது, ஆனால் அவர்கள் கேட்டதும் சரியான கேள்வியே. பொடியை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் அதிலுள்ள பொருள்களின் முழுப் பட்டியலும் அச்சாகி வரும் இயந்திரம் எதுவும் கிடையாது. ஒரு சாதாரணச் செடியில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். அவற்றில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு கரைப்பான், ஒவ்வொரு கருவி, ஒவ்வொரு அளவுகோல் என்று தனித்தனி வழி இருப்பதால், தேடப்படுவது எது என்று தீர்மானித்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு: அது கீழாநெல்லிதானா? நம் வீட்டு ஓரங்களில் முளைக்கும் கீழாநெல்லியில் ஒன்றுக்கொன்று ஒத்த பல இனங்கள் கலந்து வளர்கின்றன. மலாய்க்காரர்கள் அவற்றுள் பலவற்றையும் டுக்கோங் அனாக் என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். பச்சைத் தண்டும் வழவழப்பான காயும் உள்ளது பில்லாந்தஸ் அமாரஸ். தண்டில் செம்மை ஓடி, காயின் மேல் சிறு சொரசொரப்பு இருந்தால் அது பில்லாந்தஸ் யூரினாரியா. விதையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், முன்னதில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். பின்னதில் குறுக்காக ஓடும். செடி முழுதாக இருந்தால் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பொடியாகிவிட்டாலோ நுண்ணோக்கி, வேதிச் சோதனை, சில வேளைகளில் மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த முறை பிடுங்கும்போது, பூவும் காயும் உள்ள ஒரு செடியைச் செய்தித்தாளின் மடிப்புக்குள் அழுத்தி உலர்த்தி, பிடுங்கிய இடத்தையும் தேதியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெயர் தவறிய செடியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் ஆராய்ந்தாலும் கிடைப்பது வேறொரு செடியின் கணக்கே.

அடுத்தது, புட்டியிலிருந்து எதை எடுப்பது என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் வெந்ததால் சோற்றுக்கு அது பொருந்துகிறது. பொடிக்குப் பொருந்தாது. புட்டியை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய இலைத்தூள் அடியில் இறங்கிவிடும். தண்டின் நார் மேலே மிதந்து நிற்கும். மேலாக ஒரு கரண்டி எடுத்தால் பெரும்பாலும் தண்டைத்தான் ஆராய்வோம். அதனால் முழுவதையும் ஒரு தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, தோசையைப் பிரிப்பதுபோல் நான்காகக் கூறிட்டு, எதிரெதிரான இரண்டு கூறுகளை மட்டும் எடுத்து மீண்டும் கலக்கிறார்கள். வேண்டிய அளவுக்குக் குறையும் வரை இது தொடரும்.

பிறகு சாறு எடுத்தல். உங்கள் தாயாரின் விஷயத்தில் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. கீழாநெல்லியில் பெரிதும் பேசப்படும் பில்லாந்தின் என்னும் பொருள் மெத்தனாலில் நன்றாகக் கரையும்; தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். ஜெரானின், கோரிலாஜின் போன்ற துவர்ப்புப் பொருள்களோ தண்ணீரில் எளிதாக இறங்கிவிடும். ஆய்வுக்கூடம் வழக்கப்படி மெத்தனாலில் சாறு எடுத்து, பில்லாந்தின் இவ்வளவு இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால், அது புட்டியைப் பற்றிய உண்மை; உங்கள் தாயாரின் தம்ளரைப் பற்றியது அன்று. அவர் உண்மையில் குடிப்பது என்ன என்று அறிய வேண்டுமானால், அவர் போடும் அதே அளவுப் பொடி, அதே அளவுத் தண்ணீர், அதே நேரம் கொதிக்க வைத்த கஷாயத்தை வடிகட்டி, அதை ஆராயும்படி கேட்க வேண்டும்.

சாற்றை முதலில் மென்படலத் தகட்டில் ஓட விடுவார்கள். விரல் நீளமுள்ள ஓர் அலுமினியத் தகட்டில் சிலிக்கா பூசியிருக்கும். அடியில் ஒரு பொட்டுச் சாறு வைத்து, கரைப்பான் உள்ள கண்ணாடிச் சாடியில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏறும்போது சாற்றிலுள்ள பொருள்களையும் வெவ்வேறு உயரத்துக்கு இழுத்துச் செல்லும். தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் 254 நானோமீட்டரிலும் 366 நானோமீட்டரிலும் பார்த்தால், முதலாவதில் பச்சைப் பின்னணியில் கருநிறப் பொட்டுகளும், இரண்டாவதில் பச்சையம் இரத்தச் சிவப்பாக ஒளிர்வதும் தெரியும். இத்தனை ஆண்டுகள் பார்த்தும் அந்தச் சிவப்பு எனக்கு அலுக்கவில்லை. உண்மையான கீழாநெல்லிச் சாற்றைப் பக்கத்திலேயே ஓட விட்டு இரண்டையும் ஒப்பிட்டால், கலப்படமோ ஆள்மாறாட்டமோ பெரும்பாலும் இங்கேயே வெளிப்பட்டுவிடும். செலவும் குறைவு.

அளவு வேண்டும் என்றால்தான் எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் திரவக் குரோமட்டோகிராபிக்குப் போக வேண்டும். 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ளே 4.6 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஓர் எஃகுக் குழாய் இதற்கு வழக்கமானது. அதற்குள் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்மணிகள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே சாறு மிகுந்த அழுத்தத்தில் தள்ளப்படும்போது, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நிமிடத்தில் வெளியேறி, திரையில் ஒரு முகடாக எழும். எத்தனையாவது நிமிடத்து முகடு பில்லாந்தின் என்று கருவிக்குத் தெரியாது. தூய பில்லாந்தினை விலைக்கு வாங்கி, அதே கருவியில் தெரிந்த அளவுகளில் செலுத்தி, அது வரும் நேரத்தையும் முகட்டின் பரப்பையும் குறித்துக்கொண்டு, பிறகுதான் உங்கள் சாற்றோடு ஒப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்கள் பலவும் எடைக்கு எடை தங்கத்தைவிட விலை கூடியவை. எதைத் தேட வேண்டும் என்று உங்களைக் கேட்டதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

என்னைக் கேட்டால், வீட்டில் குடிப்பதற்கென்று செய்த பொடிக்கு நான் முதலில் செலவழிக்கக் கூடியது பில்லாந்தின் கணக்குக்கு அன்று, கன உலோகச் சோதனைக்கு. பொடியை நைட்ரிக் அமிலத்தில் முழுவதும் கரைத்து, தனிமங்களை மட்டும் அளக்கும் வேறு கருவியில் செய்யும் சோதனை இது. நம் நாட்டில் பாரம்பரிய மருந்துப் பொருள்களுக்குச் சுகாதார அமைச்சு விதித்துள்ள உச்சவரம்பு, ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, கேட்மியம் 0.3. சாலை ஓரத்திலோ பழைய பட்டறைகளின் பக்கத்திலோ பிடுங்கிய செடியாக இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நான் படிவம் 5 மாணவன். பள்ளி அறிவியல் விழாவுக்கு, இலையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் செயல்திட்டம் செய்ய ஆசை. விலையுயர்ந்த கருவி இல்லாமல் முடியுமா, ஐயா?
– மாணவன், ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாக முடியும், தம்பி. இந்தத் துறையே அப்படித்தான் பிறந்தது. மிக்காயில் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர், ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, அதன் மேல் இலைச்சாற்றை ஊற்றிப் பெட்ரோலிய ஈதரைக் கொண்டு இறக்கினார். ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு, பச்சையும் மஞ்சளுமாகப் பல வளையங்களாகப் பிரிந்து நின்றது. 1903-இல் வார்சாவில் இதைப் பற்றி உரையாற்றினார். 1906-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அதற்கு 'நிற எழுத்து' என்று பொருள். அவருடைய குடும்பப் பெயருக்கு ரஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள் என்பதால், தம் பெயரைத்தான் மறைத்து வைத்தாரோ என்று வேடிக்கையாகச் சொல்பவர்களும் உண்டு. அவர் வாழ்ந்த காலத்தில் இந்த முறையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1952-இல் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் நோபல் பரிசு பெற்றது இதே துறையில்தான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். பயாம் கீரையின் ஒரு கைப்பிடி இலையை நறுக்கி, மருந்தகத்தில் விற்கும் ஆல்கஹால் சிறிதளவு விட்டு உரலில் நன்றாக அரைத்து வடிகட்டு. கரும்பச்சைச் சாறு கிடைக்கும். அதை ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியை அதில் நிமிர்த்தி வை. ஆல்கஹால் சுண்ணக்கட்டியில் ஏறும்போது பச்சை பின்தங்கும். மஞ்சள் அதை முந்திக்கொண்டு மேலே போகும். ஈரம் 60 மில்லிமீட்டர் ஏறி, மஞ்சள் வளையம் 54 மில்லிமீட்டரில் நின்றால், 54-ஐ 60-ஆல் வகுத்து 0.90 என்று எழுது. ஒரே கரைப்பானும் ஒரே வகைச் சுண்ணக்கட்டியும் இருக்கும் வரை இந்த எண் பெரிதாக மாறாது. மூன்று முறை செய்து சராசரி எடு. ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் அடுப்பின் அருகில் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும்.

நடுவர்களைக் கவர வேண்டுமானால், சங்குப்பூவையும் சிவப்பு பயாம் கீரையையும் சேர்த்துக்கொள். பூலுட் தாய் தாய் என்னும் பலகாரம் செய்யும் நியோன்யா பாட்டிகள் பூலுட் என்னும் ஒட்டரிசிக்கு நீலம் ஏற்றுவது இந்தச் சங்குப்பூவால்தான். இரண்டையும் தனித்தனியே வெந்நீரில் ஊற வைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து பார். சங்குப்பூவின் நீலம் ஊதாவாக மாறும். கீரையின் சிவப்போ ஏறத்தாழ அப்படியே நிற்கும். முன்னது அந்தோசயனின், பின்னது பீட்டலேன். பார்வைக்கு இரண்டும் பூ நிறம், கீரை நிறம் என்றுதான் தோன்றும். ஆனால் செடி அவற்றை முற்றிலும் வேறு வழிகளில் உண்டாக்குகிறது. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்து காணப்படுவதில்லை.

கேள்வி: ஒரே மூலிகையைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். ஒன்றில் ஜி.சி.-எம்.எஸ். முறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் என்று நீண்ட அட்டவணை, மற்றொன்றில் எச்.பி.எல்.சி. முறையில் ஆறே ஆறு. இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை. யாரை நம்புவது?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம்; ஆனால் நீளமான பட்டியலைச் சற்று சந்தேகத்தோடு படியுங்கள்.

ஜி.சி.-எம்.எஸ். என்பது வாயுக் குரோமட்டோகிராபியோடு நிறை நிறமாலைக் கருவியை இணைத்தது. அதில் சாறு முதலில் 250 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் ஆவியாக்கப்படுகிறது. அந்த ஆவியை ஹீலியம் வாயு 30 மீட்டர் நீளமுள்ள தலைமுடி போன்ற குழாய்க்குள் இழுத்துச் செல்கிறது. வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் எலெக்ட்ரான்களால் மோதி உடைத்து, அந்தத் துண்டுகளின் எடைக் கோலத்தைக் கருவி பதிவு செய்கிறது. ஆவியாகக் கூடிய பொருள்களுக்கு இதைவிடச் சிறந்த முறை கிடையாது. பாலிக் பூலாவ் ஜாதிக்காயிலிருந்து நீராவியில் வடித்த எண்ணெயைக் கொடுத்தால், சபினீன், பைனீன், மிரிஸ்டிசின் என்று வரிசையாகப் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் துவர்ப்புப் பொருள்கள், சர்க்கரையோடு பிணைந்த பிளேவனாய்டுகள் போன்றவை ஆவியாவதில்லை, சூட்டில் கருகிப்போகும். கஷாயத்தில் முக்கியமானவை பெரும்பாலும் இவையே. எச்.பி.எல்.சி. இவற்றைச் சூடாக்காமல் திரவத்திலேயே பிரிக்கிறது. இரண்டு பட்டியலிலும் பொதுப்பெயர் இல்லாததற்கு இதுவே காரணம்.

சந்தேகப்படச் சொன்னது வேறொன்றுக்காக. கருவியோடு இணைந்த கணினியில் லட்சக்கணக்கான சேர்மங்களின் துண்டுக் கோலங்கள் சேமிக்கப்பட்டிருக்கும். புதிதாக வரும் கோலத்துக்கு மிக நெருக்கமான ஒரு பெயரைக் கணினி எடுத்துக் கொடுக்கும். சரியான பெயர் அந்தச் சேமிப்பில் இல்லையென்றாலும் அது சும்மா இருக்காது. இருப்பதில் கிட்டத்தில் உள்ளதைச் சொல்லும். வாசனை எண்ணெய்களில் உள்ள சின்ன மூலக்கூறுகள் பலவற்றின் கோலங்கள் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருக்கும். அதனால் கவனமான ஆய்வாளர், ஹைட்ரோகார்பன் வரிசை ஒன்றையும் அதே குழாயில் ஓட விட்டு, அதோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் கணக்கிடுவார். 1958-இல் கோவாட்ஸ் வகுத்த முறை அது. அட்டவணையில் அந்த எண்களுக்கு ஒரு பத்தி இல்லையென்றால், அங்குள்ள பெயர்கள் உத்தேசப் பெயர்களே.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். பட்டியலில் சிலாக்ஸேன் என்று முடியும் பெயர்கள் இருந்தால், அவை செடியிலிருந்து வந்தவை அல்ல. சூட்டில் அந்தக் குழாயின் உட்பூச்சே கசிந்து வந்தவை. தாலேட் என்று வந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இளவயதில் வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரு கொடியின் சாற்றில் எடுப்பான ஒரு முகடு திரும்பத் திரும்ப வந்தது. புதிதாக எதையோ கண்டுவிட்டேன் என்ற பூரிப்பில் இரண்டு வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் மேற்பார்வையாளர், செடியே போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே வழியில் செலுத்தச் சொன்னார். அதே முகடு, அதே நிமிடத்தில் எழுந்து நின்றது. கரைப்பானை ஊற்ற நான் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்தான் காரணம். வெறும் கரைப்பானை ஓட விட்டார்களா என்பதைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். பல கட்டுரைகளில் அது இருக்காது.

கேள்வி: இஞ்சியும் சுக்கும் ஒன்றுதானே? உலர்த்தினால் தண்ணீர் மட்டும்தானே போகிறது?
– வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: ஒன்று அன்று. பச்சை இஞ்சியின் காரத்துக்கு முதன்மைக் காரணம் ஜிஞ்சரால். உலரும்போதும் சூடேறும்போதும் அதன் மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாவோலாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர். அதிலிருந்து வைத்த பெயர் இது. ஷோகாவோலின் உறைப்பு ஜிஞ்சராலைவிடக் கூடுதல். காய்ந்த சுக்கின் காரம் தொண்டையில் வேறு விதமாக இறங்குவதை நம் பாட்டிமார் கருவி இல்லாமலே கண்டு, இஞ்சிக்கும் சுக்குக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிப் பயனும் வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இதனால் ஒரு தொல்லை உண்டு. இஞ்சியை 40 பாகையில் உலர்த்தியவரும் 80 பாகையில் உலர்த்தியவரும் ஒரே கிழங்கைப் பற்றி இரண்டு விதமான எண்களைச் சொல்வார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

கேள்வி: தொங்காட் அலி மாத்திரைப் புட்டியில் "100:1 சாறு" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். வேறொன்றில் 50:1 என்று இருக்கிறது. முன்னதுதான் இரு மடங்கு வீரியமா? ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் சரிபார்ப்பார்கள்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: 100:1 என்றால் 100 கிலோ வேரிலிருந்து 1 கிலோ சாற்றுத்தூள் எடுத்ததாகச் சொல்கிறார்கள் என்று மட்டுமே பொருள். வேர் எந்த வயதுடையது, எதில் ஊற வைத்தார்கள், அந்த ஒரு கிலோவுக்குள் என்ன வந்து சேர்ந்தது என்பதை அந்த விகிதம் சொல்லாது. முடிந்த தூளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது எத்தனை கிலோ வேரிலிருந்து வந்தது என்று எந்த ஆய்வுக்கூடமும் நிரூபிக்க முடியாது. ஆகவே அந்த எண்ணுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சரிபார்க்கக் கூடியது வேறு. தொங்காட் அலி வேரின் கடுங்கசப்புக்குக் காரணமான பொருள்களில் யூரிகோமனோன் என்பது ஒன்று. இந்த வேரின் நீர்ச்சாற்றை உறைய வைத்து உலர்த்திய தூளுக்கு மலேசியத் தர நிர்ணயம் ஒன்று 2011-இல் வெளியிடப்பட்டது. அதன்படி யூரிகோமனோன் 0.8 முதல் 1.5 விழுக்காடு வரை இருக்க வேண்டும். இதை எச்.பி.எல்.சி.யில் தூய யூரிகோமனோனோடு ஒப்பிட்டு நேரடியாக அளக்கலாம். அதே தர நிர்ணயத்தில் மொத்தப் புரதம், மொத்தப் பல்சர்க்கரை போன்ற அளவுகளும் உண்டு. ஆனால் புரதமும் சர்க்கரையும் எந்தச் செடியிலும் இருப்பவை. அவற்றை மட்டும் காட்டி இது தொங்காட் அலிதான் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். சான்றிதழில் யூரிகோமனோன் என்ற சொல்லையும் அதன் பக்கத்தில் உள்ள எண்ணையும் தேடுங்கள்.

ஆண்களுக்கு வீரியம் என்று விற்கப்படும் பொருள்களில் இதைவிடப் பெரிய கவலை, மூலிகையோடு சில்டனாஃபில் அல்லது தடலாஃபில் மருந்தை இரகசியமாகக் கலப்பது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கலப்பு உயிருக்கே ஆபத்தாகும். இம்மருந்துகளைத் திரவக் குரோமட்டோகிராபியோடு நிறை நிறமாலைக் கருவியை இணைத்துத் தேடுகிறார்கள். ஆனால் கலப்படக்காரர்கள் சில நேரம் அந்த மூலக்கூறின் ஒரு மூலையை மட்டும் மாற்றிவிடுவதால், பட்டியலில் உள்ள எடையை மட்டும் தேடும் சோதனையிலிருந்து அது தப்பிவிடும். அப்போது மூலக்கூறின் உடைந்த துண்டுகளைக் கொண்டு தாய் மூலக்கூறை ஊகித்து, தேவைப்பட்டால் அதைத் தனியே பிரித்தெடுத்து, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் அதன் அமைப்பை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். செலவும் ஒரு தனிமனிதர் தாங்கக் கூடியது அன்று.

நீங்கள் இன்றே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. புட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் டி (T) என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கு வரும் பொருளின் பெயரும் உங்கள் கையிலுள்ள புட்டியின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். எண் இல்லையென்றாலோ பெயர் பொருந்தவில்லை என்றாலோ புட்டியைத் திறக்க வேண்டாம்.